நெய்யரி நிரபராதி: கொரட்டூர்ச் சாத்துக்குடியை முன்வைத்து ஓர் ஆய்வு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், கடை மாணாக்கர் வரிசையில் ஓட்டைக் குடம், ஆடு, எருமை ஆகியவற்றோடு, நெய் வடிகட்டும் நெய்யரியையும் நிறுத்திவிட்டார். நல்லதைக் கீழே விட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். பிரதிவாதியின் தரப்பைக் கேட்காமலே எழுதப்பட்ட தீர்ப்பு இது. மேல்முறையீடு இப்போது தாக்கலாகிறது.

ஆய்வெல்லை, சென்னை கொரட்டூர் ரயில் நிலையத்துக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட அடுக்களைகள். ஆய்வுப்பொருள், ரயிலடித் தள்ளுவண்டிச் சாத்துக்குடி. கூப்பிடு தூரத்தில் 1964 முதல் அம்பத்தூர் தொழிற்பேட்டை இயந்திர உதிரிபாகங்களாக இழைத்துத் தள்ளிக்கொண்டிருக்க, இங்கே சாறு பிழிவதென்னவோ வடிகட்டியில்தான் என்பதை அறிஞர் உலகம் கவனிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு மிக்ஸி. 2011 முதல் அரசே விலையில்லாமல் கொடுத்த மாநிலத்தில் அதை எதிர்த்து எழுதத் துணிச்சல் வேண்டும். ஆனால் மிக்ஸியின் பிளேடுக்குச் சுளை எது, விதை எது என்ற பாகுபாடு கிடையாது. விதை உடைந்ததும் அதிலுள்ள லிமோனின் சாற்றில் இறங்கும். பிறகு எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் நாக்கின் அடியில் கசப்பு நிற்கும். வடிகட்டியில் அந்த வம்பு இல்லை. உரித்த சுளைகளைப் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்தினால் சாறு இறங்கும், விதை முழுசாக மேலே நிற்கும். புளி கரைத்த கைக்கும் தேங்காய்ப்பால் எடுத்த கைக்கும் இது புதுப்பாடமல்ல. ஒரே எச்சரிக்கை: ஆத்திரத்தோடு நசுக்கக்கூடாது. வெள்ளைத்தோலும் கசக்கும்.

கருவித் தேர்வில் அறிஞரிடையே பிளவு உண்டு. பிளாஸ்டிக் டீ வடிகட்டியின் வலை இரண்டாம் பழத்திலேயே தொப்பை போடுகிறது; சாற்றில் காலை டீயின் வாசனை வேறு. எவர்சில்வர் வலையே ஏற்புடைத்து. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்து நகரத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் போனபோது மிக்ஸிகள் ஊமையாகிவிட, வடிகட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை. (அந்தக் குளிரில் ஜூஸ் கேட்டவர் யார் என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.)

மூல வழக்குக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், சாறாகக் குடிப்பதைவிடப் பழத்தை முழுதாகச் சாப்பிடச் சொல்கிறது. காரணங்களில் முதன்மையானது நார்ச்சத்து. அந்த நார் எங்கே? வடிகட்டியில். ஆகவே நெய்யரி பிடித்து வைத்தது கசடல்ல, சத்து. கீழே விட்டதுதான் சர்க்கரைத் தண்ணீர். எனவே நெய்யரியை, தலை மாணாக்கருக்கு நன்னூல் உவமை சொன்ன அன்னத்துக்குப் பக்கத்தில் உட்காரவைப்பதே நியாயம். காலியாகும் கடை மாணாக்கர் இடத்துக்கு, அடியில் டம்ளரை ஏந்தி நிற்பவரை இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

மாதுளை குறித்த இரண்டாம் கட்ட ஆய்வு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. வெள்ளைச் சட்டை ஒன்று சேதமானதை அடுத்து, வீட்டு நிர்வாகம் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.