கல்லாப்பெட்டி மட்டும் போதாது

கே: நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கார், செல்போன் எல்லாம் தயாராகின்றன. 2022-ல் கடன் கட்ட முடியாமல் திணறிய இலங்கை, மனித வளர்ச்சிப் பட்டியலில் இந்தியாவை எப்படி முந்துகிறது? – வாசகர், தென்னேரி.

ப: உங்கள் ஏரி நிரம்பினால் மட்டும் போதுமா? கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்றும் பார்ப்பீர்களே! 1990-ல் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்நின்று கொண்டுவந்த இந்த மனித வளர்ச்சிக் குறியீடும் வருமானத்தோடு ஆயுளையும் படிப்பையும் சேர்த்தே அளக்கிறது. இலங்கையில் 1945 முதலே இலவசக் கல்வி. அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமில்லை. 2023-க்கான கணக்கில் அது 89-வது இடம், நாம் 130. கடன்காரர் வீட்டுச் சாமானைத் தூக்கிப் போகலாம், அம்மா படித்த படிப்பைத் தூக்க முடியுமா? இலங்கை வரை போவானேன், தமிழ்நாட்டின் 2017 மனித வளர்ச்சி அறிக்கையில் மாவட்டங்களில் முதலிடம், கார் ஆலையே இல்லாத கன்னியாகுமரிக்கு!