பெனா அரண்மனையின் விருந்தோம்பல்

போர்ச்சுகலின் சின்த்ரா மலையுச்சியில் நிற்கும் பெனா அரண்மனையின் விருந்தோம்பலை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். வருகிறவருக்கு அங்கே ஒரு சிரமமும் இல்லை. ஊரிலிருந்து பேருந்து மலைமேல் ஏற்றிக்கொண்டு வருகிறது. பூங்கா வாசலில் இறங்கினால் அரண்மனை வரை இன்னொரு சிறு பேருந்து இருக்கிறது; மண்ணில் கால் படாமலே மேலே போய்விடலாம். சீட்டில் அச்சிட்ட நேரத்துக்கு வரிசையில் நின்றால் போதும். எந்த அறையில் எவ்வளவு நேரம் நிற்பது என்ற குழப்பமே வராது. பின்னால் வருகிறவர்கள் அதை நமக்காக முடிவு செய்துவிடுகிறார்கள்.

இதைக் கட்டிய இரண்டாம் ஃபெர்டினாண்ட், ஜெர்மானிய இளவரசர் குலத்திலிருந்து வந்து போர்ச்சுகலின் அரசி இரண்டாம் மரியாவை மணந்தவர். 1834இல் அரசு துறவியர் மடங்களைக் கலைத்தது. கைவிடப்பட்டுக் கிடந்த ஹெரோனிமைட் மடம் ஒன்றை 1838இல் தன் சொந்தப் பணத்தில் வாங்கி, எஷ்வேகே என்ற சுரங்கப் பொறியாளரைக்கொண்டு அரண்மனையாக வளர்த்தார். சிவப்பாக இருப்பது பழைய மடம், மஞ்சளாக இருப்பது அவர் புதிதாகச் சேர்த்தது. மூர்களின் வளைவு, கோதிக் கூர்மை, மனுவேல் மன்னர் காலத்துக் கயிற்று வேலைப்பாடு என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரே சுவரில் நாலு நூற்றாண்டுகளைப் பார்த்துவிடலாம் என்பது அவசரக்காரர்களுக்கு எத்தனை பெரிய உதவி!

டிரைட்டன் வளைவு அந்த உதவியின் உச்சம். பாதி மனிதன், பாதி மீன். சிப்பிமேல் உட்கார்ந்து, வருகிறவர்களை முறைத்தபடி இருக்கிறான். தலைமயிர் கொடியாகத் திரிந்து கிளைவிட்டு மேலே படர, அவனுக்கு மேலே சாளரம் புடைத்து நிற்கிறது. உலகம் தோன்றிய கதையை ஒரே கல்வாசலில் சொல்லும் முயற்சி அது. அந்த முகத்துக்கு முதுகைக் காட்டி நின்றுதான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவனும் கோபம் மாறாமல் அத்தனை படங்களிலும் ஒத்துழைக்கிறான்.

சிற்றாலயத்தில் பலிபீடத்தின் பின்னால் ஓர் அலபாஸ்டர் சிற்பத் தொகுதி இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் நிக்கோலாவ் ஷான்தெரேன் செதுக்கியது. 1755இல் லிஸ்பனை வீழ்த்திய நிலநடுக்கம் இந்த மடத்தையும் சிதைத்தபோது இது தப்பியது. நிலநடுக்கத்தால் அசைக்க முடியாத அந்தக் கல்லின் முன் யாரையும் நிற்கவிடாமல் செய்யும் வல்லமை கூட்டத்துக்கு இருக்கிறது. அதையும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அரண்மனை செய்யும் பேருதவி வேறு. கூட்டம் முழுவதையும் தன்னிடம் இழுத்துக்கொண்டு, சுற்றிலும் இருக்கும் 85 ஹெக்டேர் பூங்காவை மரங்களுக்கே விட்டுவைக்கிறது. ஃபெர்டினாண்ட் பல ஆண்டுகள் பாடுபட்டது இந்தப் பூங்காவுக்காகத்தான். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரம் இந்த மலையில் தட்டி மூடுபனியாக இறங்கும் என்பதைப் புரிந்துகொண்டு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்து மரப் பெரணிகளைப் பள்ளத்தில் நட்டார். வட அமெரிக்கச் செக்குவோயா, ஜப்பானியக் கிரிப்டோமேரியா, சீனத்து ஜிங்கோ, வரிசை வரிசையாகக் கமேலியா. கீழே ஏரிகள், அவற்றில் ஒன்றில் வாத்துகளுக்குக் கோட்டைக் கொத்தளம் போலவே ஒரு குட்டிக் கூண்டு. பெரணிகளுக்கு அடியில் நின்றால் பச்சை வெளிச்சம் இறங்குகிறது, இலை நுனியில் சொட்டும் தண்ணீரின் சத்தம் கேட்கிறது. நின்று பார்த்தால் போதும், யாரும் நகரச் சொல்வதில்லை. அந்த அமைதிக்காக அரண்மனைக்கும் அதன் வரிசைக்கும் நான் மனமார நன்றி சொல்கிறேன். சின்த்ராவின் ஒடுங்கிய மலைப்பாதையில் வண்டி நெரிசலில் தினமும் மாட்டிக்கொள்ளும் உள்ளூர்க்காரர்கள் இந்த நன்றியில் பங்கு கேட்கமாட்டார்கள்.

வந்ததும் போகாமல் இந்த மலையில் ஆற அமரத் தங்கிய விருந்தாளியும் உண்டு: ஆஸ்திரேலிய அகேசியா. நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் மரங்களின் இனம்தான். அங்கே சோலைப் புல்வெளிகளை ஆக்கிரமித்தது போலவே சின்த்ராவிலும் பரவுகிறது. வேரோடு பிடுங்கியும் முளைக்கிறது.

பூங்காவின் மேற்குக் கோடியில் ஃபெர்டினாண்ட் தன் இரண்டாம் மனைவியோடு கட்டிக்கொண்ட சிறு வீடு இருக்கிறது. அந்த மனைவி, ஓபரா பாடகியாக இருந்த எலிஸ் ஹென்ஸ்லர்; 1869 திருமணத்தின்போது எட்லா சீமாட்டி ஆனவர். அரசர் 1885இல் இறந்தபோது அரண்மனையையே இவருக்கு எழுதிவைக்க, நாடு கொந்தளித்தது. பிறகு அரசு அதை விலைகொடுத்து மீட்டது. அந்தச் சிறு வீட்டின் சுவர்களில் மரப்பலகை போலத் தீட்டிய பூச்சு, சன்னல் சட்டங்களில் தக்கைப் பட்டையால் செய்த கொடி அலங்காரம். 1999இல் தீயில் கருகிய வீட்டைப் பொறுமையாகச் சீர்செய்து 2011இல் திறந்தார்கள். ஒரு அரசனின் ஆடம்பரத்தைப் பார்க்கக் கண்டம் கடந்து வருகிறவர்கள், அவன் விரும்பி வாழ்ந்த வீட்டைப் பார்க்காமல் பேருந்தைப் பிடிக்க ஓடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. பூங்காவுக்கு மட்டும் தனிச் சீட்டு உண்டு, விலையும் குறைவு.