எதுக்கும் இருக்கட்டும்

எந்த ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்கள் ஆபீஸில் இருப்பவர் சீனியர் சார். அவர் மேசை டிராயரைத் திறந்தால் இற்றுப்போன ரப்பர் பேண்டு, மூடியில்லாத பேனா, பேனாவில்லாத மூடி, 2016இல் செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய் நோட்டின் ஜெராக்ஸ். இதெல்லாம் எதுக்கு சார் என்றால் ஒரே பதில்தான்: "எதுக்கும் இருக்கட்டும்."

டிராயருக்காவது அடி என்று ஒன்று உண்டு. அவருடைய இன்பாக்ஸுக்கு அதுவும் கிடையாது. வருமான வரி நோட்டீஸ், பொங்கல் வாழ்த்து, பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்த 'இன்று லிஃப்ட் ஓடாது' எல்லாம் அங்கே சம பந்தியில் உட்கார்ந்திருக்கும். ஃபோல்டர் போட்டுப் பிரிக்கலாமே என்றால், "கண் முன்னால இருந்தாத்தான் தம்பி ஞாபகம் இருக்கும்" என்பார். கண் முன்னால் இருப்பவை 31,000.

அவர் அழிப்பதே இல்லை என்று சொன்னால் பாவம். மாசக் கடைசியில் விளம்பர மெயில்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, வீடு மெழுகி முடித்த முகத்தோடு காபிக்குப் போவார். வம்பே அங்கேதான். அவர் வைத்திருப்பது தண்டர்பேர்டு. அது வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் அத்தனையையும் எம்பாக்ஸ் என்கிற ஒரே கோப்பில், ஒன்றின் வாலில் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும். அழிப்பது என்பது பேரேட்டில் ஒரு பதிவைக் கோடு போட்டு அடிப்பது மாதிரிதான், பக்கம் குறையாது. மெயிலை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலும் பழைய இடத்தில் அடித்த வரி கிடக்கும். காம்பாக்ட் கொடுத்தால்தான் அடித்ததை விட்டுவிட்டு மிச்சத்தைப் புதுப் பேரேட்டில் எழுதி, பழையதைத் தூக்கிப் போடும்.

இடம் மிச்சமாகும், காம்பாக்ட் செய்யட்டுமா என்று அதுவே கேட்கும். சார் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று விரட்டிவிடுவார். காரணத்தை ஒருநாள் என் காதோடு சொன்னார்: "சுருக்கிட்டா எழுத்து பொடிசாயிடுமே தம்பி. எனக்கு ஏற்கெனவே வெள்ளெழுத்து."

அப்படிப்பட்டவர் போன செப்டம்பர் கடைசியில், டாக்ஸ் ஆடிட் கெடு கழுத்தை நெரிக்கும்போது, மெயில் நத்தையாய் நகர்கிறதே என்று துணிந்து காம்பாக்டை அழுத்தினார். இரண்டு நிமிஷம் பொறுத்தார். முடியவில்லை என்றதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

மறுநாள் காலை 'வாடகை ரசீது' என்பதைத் தட்டினால் உள்ளே கல்யாணப் பத்திரிகை. இடப்பக்கம் என்.எஸ்.டி.எம்.பி. என்று புதிதாக ஒரு ஃபோல்டர். சாருக்கு வியர்த்துவிட்டது.

"இது எந்தக் கம்பெனி தம்பி? நம்ம கிளையன்ட்டா? ரிட்டர்ன் போட்டாச்சா?"

"கம்பெனி இல்ல சார். நீங்க பாதியில பிடுங்கின வேலையோட மிச்சம்."

நல்ல வேளை, பேரேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் இருக்கும் இண்டெக்ஸ்தான் குழம்பியிருந்தது. தண்டர்பேர்டை மூடி, புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்தேன். அப்புறம் இன்பாக்ஸின் பிராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டரைத் தட்டினேன். எம்.எஸ்.எஃப். என்கிற பழைய இண்டெக்ஸை விட்டுவிட்டு, மெயில் கோப்பைப் படித்துப் புதிதாக எழுதிக்கொண்டது. ரசீது ரசீதுக்குள்ளும் பத்திரிகை பத்திரிகைக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. பிறகு நிதியாண்டு வாரியாக ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் நகர்த்தி, காம்பாக்ட் கொடுத்துவிட்டு, பிளக் பாயிண்டுக்குக் காவலாக நானே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 3.8 ஜி.பி. இருந்த இன்பாக்ஸ் 90 எம்.பி.க்கு வந்தது. பழைய ஆண்டுகள் எல்லாம் சேர்ந்தே ஒரு ஜி.பி.யைத் தாண்டவில்லை.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டார். ஆடிட்டர் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவர், டேலி ஆகாமல் விடுவாரா?

"மீதி ரெண்டே முக்கால் ஜி.பி. எங்க தம்பி?"

"எல்லாம் நீங்க எப்பவோ அழிச்சது சார். இப்பத்தான் நிஜமாப் போச்சு."

"போச்சா? ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. எதுக்கும் இருக்கட்டும்."

ஒன்று கொடுத்தேன். 'அழித்தவை' என்று லேபிள் ஒட்டி, ஐந்நூறு ரூபாய் ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். காலி பென்டிரைவ்தான், இன்றுவரை திறந்து பார்க்கவில்லை.