புகைக்கு பாட்டில் கிடையாது

(2020 ஜூலை. வடசென்னை எர்ணாவூர். மீன் விற்கும் அக்கா வாசலில் மூச்சு இரைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். போனும் கையுமாகப் பக்கத்து வீட்டுத் தம்பி.)

தம்பி: மார்ச் 25-லேயே டெலிமெடிசின் விதிமுறை போட்டாங்க அக்கா. ஏப்ரல்ல இ-சஞ்சீவனி ஓபிடி வந்தாச்சு. இனி ஆஸ்பத்திரியே வீட்டுக்குள்ள!

அக்கா: நாட்டைப் பூட்டுனதும் அதே 25-ந்தேதி தானேப்பா? வாசலைச் சாத்திட்டு ஜன்னலைத் தொறந்தாங்களா?

தம்பி: அலர்ஜி ஸ்பெஷலிஸ்ட்டை வீடியோல பார்த்தீங்களே, இன்னா சொன்னாரு?

அக்கா: வாயைத் தொறன்னாரு. தொறந்தேன், டவர் பூட்ச்சு. டவர் வந்தப்போ அவரு வேற யாரு வாயையோ பார்த்துக்கினு இருந்தாரு.

தம்பி: ஒரு பிரயோஜனமும் இல்லையா?

அக்கா: பொய் சொல்லக்கூடாது, ஒண்ணு இருந்துச்சு. இன்ஹேலரை அடிச்சுக் காட்டச் சொன்னாரு. நான் அமுக்கிட்டு அப்பால இழுக்குறேன், மருந்தெல்லாம் நாக்குலயே நின்னுடுதாம். அமுக்கும்போதே மெதுவா இழுத்து, பத்து எண்ணுற வரைக்கும் மூச்சை அடக்கணுமாம். ஆஸ்பத்திரி கியூல நின்ன காலத்துல ஒருத்தரும் இதைப் பார்க்கல.

தம்பி: பார்த்தீங்களா!

அக்கா: எதனால இரைப்புன்னு தெரிய தோல் டெஸ்ட் எடுக்கணுமாம். கையில சொட்டு விட்டு, லேசா குத்தி, கால்மணி கழிச்சு தடிக்குதான்னு பார்ப்பாங்களாம். உன் போன்ல ஊசி கீதா?

தம்பி: கொரோனா அடங்கட்டும், நேர்ல எடுக்கலாம். அதுவரைக்கும் தலையணை உறையை வெந்நீர்ல துவைங்க, தூசிப்பூச்சி போயிடும்.

அக்கா: துவைச்சு கொடியில போட்டேன். எக்ஸ்பிரஸ் ரோட்டு கன்டெய்னர் லாரி தூசி அப்பிக்கிச்சு. காத்து திரும்புனா மணலி ஆலைப் புகை.

தம்பி: அதையும் டெஸ்ட்ல பார்த்துடலாமே.

அக்கா: கேட்டேனே! தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை, கரப்பான் எல்லாத்துக்கும் பாட்டில் இருக்காம். ஆலைப் புகைக்கு கிடையாதாம். அது அலர்ஜி இல்லையாம், மூச்சுக்குழாயை நேரா உறுத்துற எரிச்சலாம். கரப்பான் செஞ்சா நோவு, கம்பெனி செஞ்சா வெறும் எரிச்சல்!

தம்பி: புகை இல்லாத இடத்துல இருக்கச் சொல்லியிருப்பாரே?

அக்கா: சொன்னாரு. சீட்டுல அட்ரஸும் அவரேதான் எழுதுனாரு, எர்ணாவூர்னு.

தம்பி: அப்போ டெலிமெடிசினே வேணாங்கிறீங்க?

அக்கா: வேணும்பா. பஸ் ஓடாத நாள்ல மருந்து மாத்த, இன்ஹேலர் சரியா இழுக்குறேனான்னு பார்க்க போன் போதும். டெஸ்ட் எடுக்கவும், மூச்சு முட்டுனா காப்பாத்தவும் ஆள் நேர்ல வேணும். காத்தை அளக்குற ஆபீசர் மட்டும் வீடியோல வரவே கூடாது. எர்ணாவூருக்கு வந்து ஒரு நாள் முழுக்க மூச்சு விட்டுட்டு, அப்பால ரிப்போர்ட் எழுதட்டும்.