கண்டம் தப்பிய கதை

ஜப்பானில் 1979-இல் ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. பெயர் 'கண்டம்'. ஜோசியர் சொல்வாரே, அந்தக் கண்டமேதான் முதலில் அதற்கும் நேர்ந்தது. போர் பிள்ளைகளை என்ன பாடு படுத்தும் என்று இயக்குநர் தோமினோ காட்டப் போக, பொம்மை விற்கவில்லையே என்று விளம்பரதாரர் கையைப் பிசைய, 52 வாரத் தொடர் 43-இல் முடிந்தது.

மறு வருஷம் பண்டாய் கம்பெனி தொடரில் வரும் 'கண்டம்' என்ற ராட்சதப் போர் எந்திரத்தைப் பிளாஸ்டிக் துண்டுகளாக்கி, 'நீயே ஒட்டிக்கொள்' என்று 300 யென்னுக்கு விற்றது. அள்ளிக்கொண்டு போனார்கள். கதையில் தோற்ற கட்சியின் பச்சை எந்திரம் 'ஸாக்கு'வுக்கும் ஏகக் கிராக்கி. தொடரைத் தயாரித்த சன்ரைஸ் நிறுவனத்தையே 1994-இல் பண்டாய் வாங்கிப் போட்டது. பின்னால் வந்த கதைகளில் அனாஹெய்ம் என்றொரு கம்பெனி இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கும். கிண்டலாம்!

1937-இல் ஜப்பான் படை மூன்று மாதம் சண்டையிட்டுப் பிடித்த ஊர் ஷாங்காய். 2021 முதல் அங்கே ஜப்பானியர் நடத்தும் மால் வாசலில் 18 மீட்டர் கண்டம் சிலை நிற்கிறது. இந்த முறை எதிர்ப்பில்லை, செல்ஃபிதான். போர் கூடாதுதான், பொம்மை கூடும்.