ஓடும் தரகர்

கேள்வி: கைப்பணம் குறைவு, யோசனை மிகுதி. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வீடொன்றைப் போக்கியத்துக்குப் பிடித்து உள்வாடகைக்கு விட்டு, பிற்பாடு கிரயம் செய்துகொள்ள உத்தேசம். இதைக் கேட்டதும் தரகர்கள் ஓடுகிறார்களே?

பதில்: பத்திரம் பதிவாகும் தினத்திலேயே கமிஷனை எண்ணி வாங்கி, அடுத்த பார்ட்டியைத் தேடிப் புறப்படவேண்டிய மனுஷரிடம், மூன்று வருஷம் கழித்து முடியக்கூடிய வியாபாரத்தைத் தாங்கள் விஸ்தாரமாக வர்ணித்தால், அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவதில் ஆச்சரியமென்ன? போக்கியத்துக்கு ஒரு கமிஷன், கிரயத்துக்கு மற்றொன்று என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்துத் தொட்டதோகூர் வரை ஓடியவரும் திரும்புவார். உள்வாடகைக்கு உடைமையாளரின் சம்மதத்தையும் தரகரைக்கொண்டே எழுத்தில் வாங்குங்கள். 2016-ஆம் வருஷத்து ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றவராயிருந்தால் விசேஷம். ஆனால், சொத்துப் பதிவேட்டில் குறையுள்ள 'பி' கத்தா வீட்டை முறையான 'ஏ' கத்தா என்று சாதிக்குமளவு அவருக்கும் யோசனை மிகுந்திருந்தால், இம்முறை ஓடவேண்டியவர் தாங்கள்.