மச்சினன் வெள்ளியான கதை

பதவியிறக்கம் உப்பிலியபுரத்துக்குப் புதிதல்ல. 2006 தேர்தல் வரை எங்கள் ஊர் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. பிறகு மறுசீரமைப்பு என்றார்கள்; 2011 தேர்தலில் எங்கள் பெயர் போய்த் துறையூர் தொகுதி வந்துவிட்டது. அதற்காக யாரும் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிடவில்லை. அதே பள்ளிக்கூடத்தில், அதே வரிசையில் நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். இந்த மண்ணில் பிறந்த என் மச்சினன்தான், ஒரு விமானக் கம்பெனி தன்னைத் ‘தங்க’ உறுப்பினரிலிருந்து ‘வெள்ளி’க்கு இறக்கிவிட்டது என்று வாரக்கணக்கில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான்.

அவனுக்குத் திருவெறும்பூர் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் வேலை. பாதி நாள் ஆகாயத்தில்தான். டிக்கெட் காசு முதலாளியுடையது, பாயிண்ட் இவனுடையது. பாயிண்ட் ஏறி ஏறித் தங்கம் ஆனான். தங்கம் என்றால் தனி வரிசை, கூடுதலாகச் சில கிலோ, லவுஞ்சில் ஓசிப் பொங்கல், பெட்டியில் தொங்கவிட ‘பிரியாரிட்டி’ என்று எழுதிய சிவப்பு அட்டை. அந்த அட்டையை அவன் ஒருநாளும் கழற்றியதில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறும்போதும் அது பெட்டியில் ஆடிக்கொண்டிருக்கும். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சார், பொட்டிய காலுக்கடியில தள்ளுங்க, இல்லன்னா அதுக்கும் டிக்கெட் எடுங்க” என்பார். நம்பர் ஒன் டோல்கேட்டைத் தாண்டினால் எந்தப் பிரியாரிட்டியும் செல்லாது.

செய்தி அவனைப் பெற்ற என் அத்தைக்குப் போனது.

“இறக்கிட்டான்னா, இனிமே பிளேன்ல ஏத்த மாட்டானாடா?”

“ஏத்துவான்மா.”

“அதே சீட்டுதானே?”

“அதே சீட்டுதான். ஆனா முன்னாடி ஏத்த மாட்டான்.”

“முன்னாடி ஏறுனவன் முன்னாடி போய்ச் சேந்துருவானா?”

அவன் பதில் சொல்லவில்லை. எந்த விமானக் கம்பெனியாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இந்தப் பாயிண்ட் மயக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981 மே மாதம். எவ்வளவு தூரம் பறந்தாயோ அவ்வளவு மைல் உன் கணக்கில். பிற்பாடு ஏர் இந்தியா ‘ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்’ என்று ஆரம்பித்தது. கணக்கு எளிமையாக இருந்தது. தூரத்தில் யாரும் ஏமாற்ற முடியாது, திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே உள்ள கடல் கூடிக் குறைவதில்லை. அப்புறம் கம்பெனிக் கணக்குப்பிள்ளைகளுக்கு ஞானோதயம் வந்தது. 2024 ஏப்ரலில் ஏர் இந்தியாவும் உலக வழக்கப்படி தூரத்தை விட்டுவிட்டு, கொடுத்த ரூபாய்க்குத் தக்க பாயிண்ட் என்று மாற்றிக்கொண்டது. அதாவது, மூன்று மாதம் முன்பே உட்கார்ந்து மலிவு டிக்கெட் தேடி எடுத்தவன் பாதி விசுவாசி. தீபாவளிக்கு முதல் நாள், கேட்ட விலையைக் கொட்டிக் கொடுத்த இளிச்சவாயன்தான் முழு விசுவாசி. என்னைக் கேட்டால், பழைய முறையில் கொஞ்சமாவது ஒரு நாணயம் இருந்தது.

நாணயம் என்று பேசப் போனால் பழைய புண்கள் நிறைய. 2012-இல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது, அதில் சேர்த்த மைல்களும் கூடவே போயின. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் கிளம்பியது. ஆனால் அதன் பாயிண்டுகள் தனிக் கம்பெனியின் கையில் இருந்ததால், இன்டர்மைல்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்துக்கொண்டன. பறக்க விமானம் இல்லை, பறந்த மைல் மட்டும் உயிரோடு! 2024 நவம்பர் 12-இல் விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதன் உறுப்பினர்களை எல்லாம் ஏர் இந்தியாவின் ‘மகாராஜா கிளப்’புக்கு மாற்றினார்கள். ராஜ்ஜியம் இல்லாத மகாராஜாக்கள் நம் நாட்டுக்குப் புதிதில்லை என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மச்சினன் நம்பியது அமெரிக்காவை. 2023 செப்டம்பரில் அங்கே டெல்டா விமான நிறுவனம், இனிமேல் செலவை வைத்துத்தான் அந்தஸ்து, லவுஞ்சுக்கும் அளவு உண்டு என்று அறிவித்தது. பயணிகள் பிடித்த பிடியில், தலைவர் எட் பாஸ்டியன் ‘எல்லை மீறித்தான் போய்விட்டோம்’ என்கிற மாதிரி ஒப்புக்கொண்டு, அக்டோபரில் சிலவற்றைத் தளர்த்தினார். இதைப் படித்ததும் இவனுக்கும் ரோசம் வந்துவிட்டது. தன் விமானக் கம்பெனிக்கு நாலு பக்கம் எழுதினான். மறுநாளே பதில் வந்தது: ‘அன்புள்ள வெள்ளி உறுப்பினருக்கு...’ அதற்கு மேல் அவன் படிக்கவில்லை.

திருச்சியில் இருந்துகொண்டு இவன் இப்படி அழுவதுதான் எனக்கு வேடிக்கை. இங்கே நிஜமாகவே அடிக்கடி பறப்பவர்கள் குருவிகள். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று சரக்கு கொண்டுபோய்க் கொண்டுவருபவர்கள். சுங்கத்துறைக்கு இவர்களைப் பற்றித் தனி அபிப்பிராயம் உண்டு. அது நமக்கு வேண்டாம். எங்கள் தெருவிலும் ஒரு குருவி அண்ணன் இருக்கிறார். தங்கம், வெள்ளி என்று அவரிடம் பேச்செடுத்தாலே பயந்து கையெடுத்துக் கும்பிடுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கிலோதான். கிளம்புவதற்கு முதல் நாள் சின்ன வெங்காய மண்டிக்குப் பெட்டியோடு போய், கொக்கித் தராசில் மாட்டுவார். முள் ஆடி நிற்கும்வரை மூச்சுவிட மாட்டார். முப்பது கிலோ அனுமதி என்றால் 29 கிலோ 900 கிராம். மிச்ச நூறு கிராம் கவுன்டர் தராசின் மனநிலைக்கு. எந்தக் கம்பெனி கிலோவைக் குறைக்கிறதோ அதை அன்றோடு தலைமுழுகிவிடுவார். கடிதம் கிடிதம் எல்லாம் கிடையாது.

2024 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்த புது முனையத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். ஆயிரத்து நூறு கோடிக்கு மேல் செலவு, ஸ்ரீரங்கம் கோபுரச் சாயல், சுவரெல்லாம் ஓவியம். “நல்லாத்தான் இருக்கு. தள்ளுவண்டிய ரொம்ப தூரம் தள்ளணும்” என்றார்.

போன பொங்கலுக்கு மச்சினன் ஊருக்கு வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. விதியில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருந்தான். ரூபாய்க் கணக்கோடு ஏறி இறங்குகிற கணக்கும் உண்டாம்; மார்ச்சுக்குள் இன்னும் சில தடவை பறந்தால் தங்கம் திரும்பிவிடுமாம்.

“கொழும்பு ஒரு மணி நேரம்கூட இல்ல மாமா. காலையில போயி, ஏர்போர்ட்லயே ஒரு டீ குடிச்சிட்டு, அடுத்த பிளேன்ல திரும்பிடலாம். வேலை ஒண்ணுமில்ல. பாயிண்டுக்காகத்தான்.”

திண்ணையில் சாய்ந்திருந்த குருவி அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேலை இல்லன்னா, பொட்டியும் இல்லையா தம்பி?”

“இல்லண்ணே. கையை வீசிக்கிட்டுத்தான்.”

“ஐயையோ! போக வர அத்தனை கிலோவும் சும்மாவா போவுது?” அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. “சேலை நான் தர்றேன். அங்க வாங்கிக்க ஆள் வருவாங்க. பாயிண்டு உங்களுக்கு, கிலோ எனக்கு.”

அத்தை உள்ளேயிருந்து, “போலீசு கீலீசுன்னு வந்தா நான் வரமாட்டேன்” என்றார்.

மச்சினன் வெகுநேரம் யோசித்தான். பிறகு, “டிக்கெட்ல பாதி போடுவீங்களாண்ணே?” என்று கேட்டான்.